விளக்குக்காரர் கட்டாத பெஞ்சு

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். அங்கேயும் தங்கள் முழங்காலைத் தவிர அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் எங்கள் மகளுக்கும் ஆசிகள். போன் அடித்தால் எடுக்கச் சொல்லவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்த விடுமுறைக்கு மலைக்குப் போவதா, எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வருவதா என்று முடிவு செய்ய வேண்டும், ஆகவே இங்குள்ள கடலோர நடைபாதையின் வரலாற்றையும் சிறப்புகளையும் தலைப்பிட்டுத் தெளிவாக எழுதவும் என்று கேட்டிருந்தீர்கள். கீழே 'அடித்தல் திருத்தல் கூடாது' என்று வேறு போட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றாலும் தலைமையாசிரியர் தலைமையாசிரியர்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். 'மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்க' என்று ஆயுசு முழுக்க அடுத்தவரைப் படிக்கச் சொல்லியே பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வரலாறு: ஆதியில் இங்கே நடைபாதை கிடையாது, கடல்தான் இருந்தது. அது அடிக்கடி கடைத்தெருவுக்குள் வந்து எட்டிப் பார்த்ததால் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். கல்லின் மேல் வலை காயப்போட்டார்கள். வலையை எடுத்த இடத்தில் ஜனங்கள் காற்று வாங்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள் என்று மண்ணைப் போட்டு, மண் கண்ணில் பறக்கிறது என்று சிமெண்டைப் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, மணிக்கூண்டு கட்டி, வரிசையாக சிமெண்டு பெஞ்சுகளும் போட்டார்கள். வரலாறு இத்தோடு முடிந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

அந்த வரிசையில் கலங்கரை விளக்கத்துக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சு எங்களுடையது. பட்டா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கடையை மூடிய நாளிலிருந்து சாயங்காலமானால் நானும் என் வீட்டுக்காரியும் அதில்தான் உட்காருவோம். இடது மூலை உடைந்து ஓர் இரும்புக் கம்பி கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் அவள் பையை மாட்டினாள் என்றால் பேச்சு ஆரம்பம். வீட்டில் 'சாப்பிட வாங்க', 'விளக்கை அணை' இந்த இரண்டுக்கு மேல் எங்களுக்குள் பேச்சு நடந்ததாகச் சரித்திரமே இல்லை. ஏன் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வாயும் திறக்கும், எனக்குக் காதும் திறக்கும். தங்கள் மகனுக்கு எங்கள் பெண்ணைக் கொடுக்கலாம் என்று அவள் சரி சொன்னதும் அந்தப் பெஞ்சில்தான். எவ்வளவு யோசித்த பிறகு சொன்னாள் என்பதை எழுத வேண்டாம் என்று பக்கத்தில் நின்று முறைக்கிறாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் எங்கள் பெஞ்சின் மேல் சுண்ணாம்பால் பெரிதாகப் பெருக்கல் குறி! பக்கத்தில் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு ஒரு பொறியாளர் அம்மா. சின்னப் பெண்தான், நம் பெண் வயசு இருக்கும்.

"தரையெல்லாம் புதுசா ஓடு பதிக்கிறோம் ஐயா. எல்லா பெஞ்சையும் எடுத்துட்டுத் திருப்பி வைப்போம். இது மட்டும் வராது. இந்த இடத்துல மீன் மாதிரி ஒரு குப்பைத்தொட்டி வருது, வாயைத் திறந்துக்கிட்டு" என்றது.

இவளைப் பார்த்தேன். கம்பியிலிருந்து பையைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"குப்பைத்தொட்டியா? அம்மா, இது சரித்திர பெஞ்சும்மா!"

"அப்படியா? என்ன சரித்திரம்?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே கலங்கரை விளக்கம் தெரிந்தது. பிடித்துக்கொண்டேன். "அந்தக் காலத்துல விளக்குக்காரர் ஒருத்தர் இருந்தார். ராப்பகலா கடலையே பாத்துக்கிட்டிருப்பார். அவர் பெண்டாட்டி ஒரு நாள் கீழ நின்னு, 'வர்ற போற கப்பலையெல்லாம் பாக்குறீங்க, என்னை எப்பப் பாப்பீங்க?'ன்னு கேட்டுட்டா. மனுஷன் இறங்கி வந்து, தன் கையாலேயே சிமெண்டு குழைச்சு இந்த பெஞ்சைக் கட்டி, 'வா, உக்காரு'ன்னார்."

பொறியாளர் அம்மா மூக்கை உறிஞ்சியது. பெருக்கல் குறியைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பொய் சொன்னதற்கு இன்றைக்கு நமக்கு உண்டு என்று நானும் பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "அது நான் சொன்னதுதானே? கடை திறந்த புதுசுல, வாசல்ல நின்னு, 'ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் பாக்குறீங்க, என்னை எப்பப் பாப்பீங்க'ன்னு கேட்டேனே. இத்தனை வருஷமா ஞாபகம் வச்சிருக்கீங்களா?"

"பின்னே, மறப்பேனா?" என்றேன். சத்தியமாக மறந்துதான் போயிருந்தேன் சம்பந்தி, அது எங்கிருந்து வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வீட்டுக்குள்ளேயே பேசினோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவருமே பார்க்கவில்லை.

சிறப்புகள்: முதல் சிறப்பு, எங்களுக்கு உட்கார இடம் இல்லை. ஓடு பதித்து முடித்து, எல்லா பெஞ்சுக்கும் நீலச் சாயம் அடித்து, கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருப்பதற்கு மட்டும் பித்தளைப் பலகை வைத்து என் பொய்யை அதில் செதுக்கிவிட்டார்கள். அதிலிருந்து கல்யாணமான ஜோடி, ஆகப்போகிற ஜோடி, சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்க்கிற ஜோடி என்று ஒரே வரிசை. உட்கார்ந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமாதானமாகி எழுந்து போகிறார்கள். போட்டோ எடுக்கிறவர் ஒருவர் அங்கேயே கடை போட்டுவிட்டார். "பொய் சொன்னது நீங்க, கால் கடுக்குறது எனக்கு" என்கிறாள் இவள். போதாததற்கு அந்த இரும்புக் கம்பியையும் வெட்டி மூலையைச் சரி செய்துவிட்டார்களாம், பையை எங்கே மாட்டுவது என்று அதற்கு வேறு கோபம்.

வேறு வழியில்லாமல் நடந்தோம். இத்தனை காலம் நடைபாதைக்கு வந்தும் நாங்கள் நடந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பலூன் சுடுகிற கடையில் இவள் துப்பாக்கியை வாங்கி ஒன்று விடாமல் சுட்டுத் தள்ளினாள்; "அம்மா, நாளைக்கு வேற பக்கம் நடங்கம்மா" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கப்பல் பார்க்கிற தொலைநோக்கியில் ஒரே அழுக்கு. கை சும்மா இருக்குமா, வேட்டி நுனியால் துடைத்தேன். பின்னால் நின்றவர்கள் என்னை அங்கே வேலை செய்கிறவன் என்று நினைத்து, "எனக்குக் கிட்டப் பார்வை, கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று வரிசை கட்டிவிட்டார்கள். சிரிப்புச் சங்கத்தார் கூட்டமாக நின்று காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் என்னைக் காட்டி, "இங்க காரணமே இருக்கு" என்றாள். அவர்கள் நிஜமாகவே சிரித்துவிட்டார்கள். மணிக்கூண்டில் பெரிய முள் கிடையாது, ஆகவே யாருக்கும் அவசரமும் கிடையாது.

இருந்தாலும் சம்பந்தி, தங்கள் முழங்காலை நினைத்தால் வரச் சொல்ல மனசு வரவில்லை. நடக்க இடம் இருக்கிறது, உட்காரத்தான் இல்லை. எங்களுக்கும் அந்தப் பெஞ்சு இல்லாதது பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது. ஆகவே இந்த முறை மலைக்கே போய் வாருங்கள். சகல சௌக்கியங்களும் பெற்று, முழங்கால் மடங்கி நிமிர்ந்து, நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட நேற்று இருவரும் நடைபாதை வழியாகவே போனோம். கோடியில், மணிக்கூண்டுக்குப் பின்னால், கால் வலிக்கிறது என்று இவள் ஒரு காலி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை மாட்டினாள். பை கீழே விழவில்லை! பார்த்தால் எங்கள் கம்பி, எங்கள் உடைந்த மூலை! தூக்கி வைத்தவர்கள் வரிசையை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஊரே உட்கார்ந்து அழுகிற பெஞ்சு எங்களுடையதே இல்லை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கலையே" என்று சிரித்தாள் பாருங்கள், சிரிப்புச் சங்கத்தார் அங்கிருந்தே கை தட்டினார்கள். ஆகவே கடிதத்தைப் போடாமல் கொண்டுவந்துவிட்டேன், மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்கவும். மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். புறப்பட்டு வாருங்கள், நாலு பேரும் ஒட்டி உட்காரலாம். ஒரே ஒரு விஷயம். இந்தப் பெஞ்சுக்கும் கூட்டம் வந்துவிடக் கூடாதே என்று ஐஸ்கிரீம் வண்டிக்காரர் காதில் இன்னொரு வரலாற்றைப் போட்டுவைத்தேன்: அதில் உட்கார்ந்தவர் வீட்டுக்குச் சம்பந்தி மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிடுவார் என்று. இன்று போய்ப் பார்த்தோம், ஈ காக்கை அண்டவில்லை. நான் சொன்ன வரலாற்றில் ஒன்றாவது உண்மையாகட்டும், சீக்கிரம் வந்து சேருங்கள்.