சூறாவளிச் சிங்காரத்தின் நான்காம் காலம்

சங்கரன்கோவிலில் சூறாவளிச் சிங்காரம் என்ற காமிக்ஸ் வீரனைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசத் தெரிந்தவர் சௌந்தரபாண்டியன் ஒருவர்தான். ஐந்து மணி நேரம் பேசுகிறவரும் அவரேதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் காமிக்ஸ் வாசகர் கூட்டம். 'சிங்காரத்தின் பலம்: மூன்று காலங்கள்' என்று இவர் பேச்சு. அழைப்பிதழில் பெயர் வந்ததிலிருந்து மனுஷர் தரையில் நடக்கவில்லை. சார்ட் அட்டையில் மூன்று கட்டம் போட்டு ஹால் சுவரில் ஒட்டியும் விட்டார்.

அதே வாரம்தான் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. மனைவி முத்துத்தாயின் அண்ணன் குடும்பம் குருவிகுளத்திலிருந்து வந்து தங்கப் போகிறது. அவர்கள் படுக்க வேண்டிய அறையில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் பீரோ. மறுபக்கம் நாற்பது வருஷக் காமிக்ஸ் திணித்த டிரங்குப் பெட்டி.

"என்னங்க, ரெண்டையும் மாடிக்கு ஏத்துங்க. அண்ணன் நாளைக்கு வாராக."

"நானா? ஏட்டி, சார்ட்டப் பாரு. மொதல் காலத்துல சிங்காரம் லாரியத் தூக்குனான். ரெண்டாங் காலத்துல நெலாவையே கயிறு கட்டி இழுத்தான்."

"மூணாவதுல?"

"அதே லாரியத் தூக்கிட்டு ரெண்டு பக்கத்துக்கு மூச்சு வாங்குதான். நெலாவ இழுக்கவனுக்கு எங்கன போயி வில்லனப் பிடிக்க? சண்டையே ருசிக்காதுல்லா. அதான் கதை எழுதுதவங்களே பலத்தக் கொறைச்சிட்டாங்க. நான் இப்பம் மூணாங் காலம்."

"நம்ம கல்யாணத்தப்போ?"

"அது நெலாக் காலம்." மீசையைத் தடவிக்கொண்டார். தன் பதிலில் தனக்கே பெருமை தாங்கவில்லை.

முத்துத்தாய் சண்டை போடவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் உறைக்கவில்லை. அவள் செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"பழைய பேப்பர் எடுக்க கருத்தப்பாண்டி அண்ணாச்சியா? ஒரு பெட்டி நெறைய கெடக்கு. தராசோட இப்பமே வாங்க."

"பேப்பரா! ஏட்டி, அது பேப்பரா?"

அடுத்த நிமிஷம் பெட்டி அவர் தோளில் இருந்தது. பதினெட்டுப் படி. நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மாடியில் இறக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி, பிறகுதான் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயதில் ஒற்றை ஆள்! நெஞ்சு பனியனை மீறி நிமிர்ந்தது.

"பாத்தியா? ஆபத்துன்னா பலம் தானா வந்துரும். கருத்தப்பாண்டிய வர வேண்டாம்னு சொல்லிரு."

"எப்படிச் சொல்ல? காலைலருந்தே போனு சார்ஜ் இல்லாமச் செத்துல்லா கெடக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். சார்ட்டில் புதிதாக ஒரு கட்டம், முத்துத்தாயின் கையெழுத்தில்:

'நாலாங் காலம்: பெட்டி, பதினெட்டுப் படி, ஒத்த ஆளு. அடுத்து பீரோ.'