பூமியின் நாடியைப் பிடித்த கதை

அதிகம் படித்தவர்களுக்குச் சாதாரணக் கேள்விகளைக் கேட்க வாய் வராது. எனக்கும் வரவில்லை. அதனால் முனைவர் பட்டமே கைநழுவிப் போகப் பார்த்தது.

என் ஆராய்ச்சி பூமியின் ஆழம் பற்றியது. எங்கோ தொலைவில் வரும் நிலநடுக்கத்தின் அதிர்வு, பூமியின் நடுப்பகுதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து சேரும். அதைக் கருவியில் பிடித்து, ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் கீழே இருக்கும் உருகிய இரும்பைப் பற்றிப் பேசுவோம். (யாரும் இறங்கிப் போய்ச் சரிபார்க்க முடியாது என்பது இதில் பெரிய வசதி.)

கருவிக்கு அமைதியான இடம் வேண்டும். முதலில் பார்த்த கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் தரையை ஆட்டிக்கொண்டே இருந்தன. பொதட்டூர்பேட்டையில் சித்தப்பாவின் நெல்வயல் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் வரப்பில் நின்று, கண்ணை மூடி ஐந்து நிமிடம் கேட்டேன். ஒரு கொக்குகூட இருமவில்லை. அங்கேயே குழி தோண்டிக் கருவியைப் புதைத்தேன்.

இரண்டு மாதப் பதிவை எடுத்துப் பார்த்தால் அதிசயம்! தினமும் குறிப்பிட்ட நேரத்தில் ஓர் அதிர்வு தொடங்கியது. ஆறு மணி நேரம் ஓடி, சட்டென்று நின்றது. வாரம் மாறினால் நேரமும் மாறியது. இரும்புக் குழம்பு மூச்சு விடுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். (விருது மேடைக்கு எந்தப் புடவை என்பதுவரை யோசித்தாயிற்று.)

பேராசிரியர் நம்பவில்லை. என் உதவித்தொகையை நீட்டிப்பதா வேண்டாமா என்பதை நேரில் பார்த்து முடிவு செய்கிறேன் என்று வந்துவிட்டார். சித்தப்பா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் கயிற்றுக் கட்டிலில் வரைபடத்தை விரித்து விளக்கினேன். சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, நம்ம கரண்ட்டு டைமு மாதிரியே கீது?"

"சித்தப்பா, இது பூமிக்குள்ள இருந்து வருது!"

"அட, வயலுக்கு வுடற த்ரீ பேஸ் கரண்ட்ட போன வாரம் காலைல வுட்டான், இந்த வாரம் மதியானம் வுடறான். அப்படியே போட்டுக்கினு கீது பாரு. அப்பதான நம்ம மோட்டாரு ஓடும்?"

"மோட்டாரா? சத்தமே கேக்கலையே!"

"எப்டிமா கேக்கும்? அது இருநூறு அடி போருக்குள்ள மூழ்கிக்கினு கீது. தோ, உன் குழிக்கு அந்தாண்ட, தென்னமரத்தாண்ட."

நான் கண்ணை மூடிக் கேட்ட அன்று, அந்த நேரத்தில் கரண்ட்டும் இல்லை, அதனால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தமும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பேராசிரியர் இளநீரைக் கீழே வைத்தார். "ஏம்மா, கருவி வைக்கறதுக்கு முன்னாடி இவரை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தக் குழியிலேயே என்னையும் போட்டு மூடிவிட மாட்டார்களா என்றிருந்தது.

பேராசிரியர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என் உதவித்தொகைக்கு ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது. சித்தப்பாவே வேலையை விட்டுவிட்டு அலைந்து, போரே இல்லாத ஒரு பாறை அடிவாரத்தைக் காட்டினார். பட்டமும் வாங்கினேன். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் த்ரீ பேஸ் நேரத்தைத்தான் விசாரிக்கிறேன்.

சித்தப்பா அந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்வதும் அவர்தான்.

"எங்க அண்ணன் பொண்ணு. மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்துக்குப் போறதுக்குப் படிச்சிக்கீது. இருநூறு அடியில நம்ம மோட்டாரு மடக்கிடுச்சு!"