ஊமை ஸ்பீக்கரும் என் இன்டர்வியூவும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மத்தியானம் லேப்டாப் முன்னாடி உக்காந்து இன்டர்வியூல பேசணும்.

மணலி கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் முடிஞ்சு, ராயபுரத்துல வூட்டோட கீறேன். இது ஒரு ஷிப்பிங் ஆபீஸ் வேலை. வுட்டா அடுத்தது எப்போன்னு தெரியாது.

காலைல பாத்தா லேப்டாப்ல சத்தமே வரல. இயர்போன மாட்டலாம்னா அது போன்ல மட்டும்தான் சொருவும். போன்லயே பேசலாம்னா, டெஸ்ட் கீது, லேப்டாப்லதான் வரணும்னு மெயில்ல போட்டிருந்தாங்க.

பரண்ல பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒண்ணு கெடந்துச்சு. கரண்ட் வயரே கெடையாது.

"இன்னா டெக்னாலஜி பாரு, கரண்டே வேணாம்"னு என் பொண்டாட்டி ஸ்டெல்லாகிட்ட பெருமையா சொல்லிக்கினே சொருவுனேன்.

சத்தம் வந்துச்சு. கொசு ரகசியம் சொல்ற மாதிரி.

"ஏத்தி வைய்யா."

"ஃபுல்லே இதான்."

அவ பெரிய குண்டானை எடுத்தாந்து அதுக்குள்ள ஸ்பீக்கர வெச்சா. இப்போ கொசு குண்டானுக்குள்ளேர்ந்து பேசுச்சு.

மேல்வூட்டு ஆண்டனி மைக் செட்ட வாடகைக்கு வுடறவன். சாயங்காலம் சர்ச்சுல கொடியேத்தம். அதுக்காக எங்க மாடில எல்லாத்தையும் கட்டி வெச்சிருந்தான். கூப்ட்டேன், வந்தான்.

"மாமு, உள்ள ஆம்ப்ளிஃபயரே இல்லாத ஸ்பீக்கர் இது. வெளியேர்ந்து யாராவது தெம்பு குடுக்கணும்."

மாடில இருந்த ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து ஜன்னல் வழியா வயர் இழுத்து, லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் அதுல கோத்துட்டு டீ குடிக்கப் போய்ட்டான்.

இன்டர்வியூ ஆரம்பிச்சுது. மேடத்தோட கொரலு கணீர்னு வந்துச்சு. இத்துனூண்டு ஸ்பீக்கருக்கு இவ்ளோ தெம்பான்னு நானும் பூரிச்சுப் போய் உக்காந்திருந்தேன். அவ்ளோ அறிவு எனக்கு.

"உங்ககிட்ட இருக்கற ஒரு குறை சொல்லுங்க."

இதுக்கு பதில் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். வேலைன்னு வந்துட்டா நேரம் பாக்க மாட்டேன், அதான் என் குறைன்னு. வாயத் தொறக்கறதுக்குள்ள ஜன்னலுக்கு வெளிய பதில் வந்துச்சு.

"காலைல சீக்கிரம் எந்திரிக்க மாட்டான் மேடம்."

காசிமேட்டுலேர்ந்து மீன் எடுத்தாந்து தெருமுனைல விக்கற மேரியக்கா.

"அது பரவால்ல. கோவம்தான் பொசுக்குனு வந்துரும்." இது எதுத்த வூட்டு ரயில்வே மாமா.

"யாருக்கு கோவம் வருது?"ன்னு ஜன்னலப் பாத்து கத்துனேன்.

மேடம் ஏதோ எழுதிக்கினாங்க.

ஸ்டெல்லா மாடிக்கு ஓடிப் போய்ட்டு வந்து காதுல சொன்னா. "யோவ், மேல கட்டி வெச்சிருக்கற கொழா ஸ்பீக்கர்லயும் அந்தம்மாதான் பேசினுகீது."

ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து கொழா ஸ்பீக்கருக்குப் போற வயர ஆண்டனி கழட்டல. இதுவரைக்கும் கேட்ட கேள்வி எல்லாம் தெருவுக்கே கேட்டிருக்கு.

"யாரு பேசறாங்க அங்க?"ன்னு மேடம் கேட்டாங்க.

"எங்க தெரு, மேடம்."

அப்புறம் என்னை வுட்டுட்டு நேரா தெருவையே கேட்டாங்க.

"இவருக்கு குடிப்பழக்கம் உண்டா?"

"இல்ல மேடம்"னு தெருவே சேந்து சொல்லுச்சு. "நல்ல புள்ள, வேலைய குடுத்துருங்க"ன்னு மேரியக்கா கூடவே சிபாரிசும் பண்ணாங்க. அந்த ஒரு நிமிசம் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

வேலை கெடச்சுது. ஆள் நல்லவனான்னு விசாரிக்கற வேலைய எங்க தெருவே முடிச்சுட்டதா மேடம் போன்ல சொன்னாங்க.

ஒரே ஒரு கண்டிஷன்தான். மத்தவங்கல்லாம் வூட்லேர்ந்தே வேலை பாக்கலாமாம், நான் மட்டும் தெனம் ஆபீசுக்கு வந்துடணுமாம்.