மாமனாரை ஜெயிக்க ஒரு ரப்பர்

டேபிள் டென்னிஸ் மட்டையில் ஒட்டியிருந்த ரப்பர் பிய்ந்து வந்தது. கூடவே மட்டையும் பிய்ந்து வந்தது.

பல் டாக்டர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எதை வெச்சு ஒட்டினீங்க?"

"பல்லுக்குக் கேப் மாட்டற சிமென்ட்."

"அது பதினஞ்சு வருஷம் தாங்கும்னு பேஷன்ட்கிட்ட சொல்லுவீங்களே."

"தாங்குது," என்றார் டாக்டர் பரிதாபமாக.

டாக்டருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. டேபிள் டென்னிஸில் ஒரே ஒரு கேம் மாமனாரை ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மாமனார் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், எழுபத்தொரு வயது. மகள் வீட்டோடு வந்து ஏழு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் குடியிருப்பின் கீழ்த்தளத்து அறையில் இருவரும் ஆடுகிறார்கள். ஞாயிறு தவறாமல் டாக்டர் தோற்கிறார்.

"மாப்பிள்ளை பந்தை அடிக்க மாட்டாரு. சௌக்கியம் விசாரிச்சு அனுப்பி வைப்பாரு," என்று படியில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் மாமனார் சொல்வார்.

அது டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. தடுத்து ஆடியது போதும், இனி அடித்து ஆடுவது என்று முடிவெடுத்தார். அதற்கு எந்த ரப்பர் தோதுப்படும் என்று யோசனை கேட்க வேறு ஆளையும் தேடவில்லை. நேரே எதிரியிடமே போய்க் கேட்டார். அவர் சுபாவம் அப்படி.

"அடியில இருக்கறதுலயே தடியான ஸ்பாஞ்ச், மேல இருக்கறதுலயே வேகமான ரப்பர். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க மாப்பிள்ளை."

வாங்கினார். அதோடு பந்து மேசையில் படுவதை நிறுத்திக்கொண்டது. சுவரில் பட்டது, மின்விசிறியில் பட்டது, ஒருமுறை மாமனாரின் மூக்குக் கண்ணாடியிலும் பட்டது. வழக்கமாகப் பதினொன்றுக்கு நான்கு என்று தோற்பவர் பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றார். அந்த ரப்பரைக் கழற்றப் போய்த்தான் இப்போது மட்டையும் போனது.

"வேகம் உங்களுக்கு ஒத்துக்கல," என்று மாமனார் அடுத்த யோசனையை எடுத்துவிட்டார். "பிசுபிசுன்னு இருக்கற ரப்பரா பாருங்க. பந்தைப் பிடிச்சு சுழட்டி விடும். எதிராளி திணறிப் போயிடுவான்."

புது மட்டை, பிசுபிசு ரப்பர். அதற்கு முழுக் கையையும் வீசி அடிக்க வேண்டும். டாக்டருடையதோ அடுத்தவர் வாய்க்குள் வேலை செய்து பழகிய கை. இரண்டு அங்குலத்துக்கு மேல் நகராது. பந்தெல்லாம் வலையில் போய் விழுந்தது. சரி, பழகிக்கொள்வோம் என்று கிளினிக்கில், ஊசி போட்ட நோயாளிக்குத் தாடை மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில், மட்டையை எடுத்து ஒரு வீசு வீசினார். தலைக்கு மேலிருந்த விளக்கு போயிற்று. நோயாளியும் போனார்.

அந்த ஞாயிறு பதினொன்றுக்குப் பூஜ்யம்.

"பேசாம ஆட்டத்தையே விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"விட்டுட்டா ஞாயித்துக்கிழமை நானும் மாமாவும் என்ன பண்றது?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒருமுறை மாமனார் காய்ச்சலில் படுத்தபோது, டாக்டர் தனியாகக் கீழே போய்ப் பத்து நிமிடம் சுவரில் பந்தைத் தட்டிவிட்டு, மேலே வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கிழவர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஒரு தடவை ஜெயித்துக் காட்டினால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருந்தார்.

மூன்றாவது தடவை மாமனாரைக் கேட்காமல் கடைக்குப் போனார். கடைக்காரர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோட ஆடறீங்க சார்?"

"மாமனாரோட."

"இந்த ரப்பரை வாங்கச் சொன்னது?"

"மாமனார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் அவர்தான்."

கடைக்காரர் அந்த ரப்பரைப் பிய்த்து ஓரமாகப் போட்டார். "அடிச்சு ஆடணும்னாலும் பந்து முதல்ல மேசையில விழணும் சார். நடுத்தர ஸ்பாஞ்ச், நல்ல பிடிப்பு, அது போதும். வேகம் மெதுவா உங்க கையில வரும்." சிமென்ட் கதையையும் கேட்டுவிட்டு, ரப்பரை அவரே ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் டாக்டர் ஐந்து எடுத்தார், ஏழு எடுத்தார். ஐந்தாவது ஞாயிறு ஒன்பதுக்கு ஒன்பது. மாமனார் உயிரைக் கொடுத்து ஆடினார். முட்டிவலியை மறந்து மூலைக்கு மூலை ஓடினார். டாக்டர் பத்து, மாமனார் ஒன்பது. பந்து கொஞ்சம் தூக்கி வந்தது. டாக்டர் சௌக்கியம் விசாரிக்கவில்லை, அடித்தார். பந்து மேசையின் ஓரமாக விழுந்து பறந்தது.

டாக்டர் குதித்தார். மாமனார் பந்தைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினார். "நல்ல ரப்பர் மாப்பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு மெல்லப் படியேறினார். தோற்ற வருத்தம் என்று டாக்டர் எண்ணிக்கொண்டார். அடுத்த வாரம் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று பெரிய மனதும் பண்ணினார்.

சாயங்காலம் போன் வந்தது. மனைவியின் தம்பி, வெளியூரிலிருந்து. குரலில் ஒரே சந்தோஷம்.

"ஜெயிச்சுட்டீங்களாமே அத்தான், 'மாப்பிள்ளை என்னை ஒரு கேம் ஜெயிக்கட்டும், மறுநாளே உன் வீட்டோட வந்துடறேன்'னு அப்பா ஏழு வருஷமா என்னைக் காக்க வெச்சுட்டாரு, காலையில வண்டியோட வரேன், அவர் துணிமணியை மட்டும் எடுத்து வெச்சிடுங்க."