மானிட்டர் கறுத்த ஞாயிற்றுக்கிழமை

தனியாக இருப்பவன் வாங்கும் எந்தப் பொருளும் அவனுக்காக மட்டும் வாங்கியதல்ல. யாராவது வந்து பார்ப்பார்கள் என்ற நப்பாசையும் அதில் சேர்ந்திருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டியது அப்படித்தான்.

அப்போது கணபதி பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊர் தாராபுரத்துக்கு அந்தப்பக்கம். கோவைக்கு வந்து ஒரு வருடமாகியும் என் அறைக்குள் வந்த ஒரே விருந்தாளி பல்லி. (அதுவும் டியூப் லைட்டைப் பார்க்க வந்தது.) ஆபீசில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் சாயங்காலம் ஆனதும் அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை நான் வாயைத் திறப்பது சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டுமே.

காந்திபுரத்துக் கடைகளில் ஏறி இறங்கி ஒவ்வொரு உறுப்பாக வாங்கினேன். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு கடையில் இருந்ததிலேயே உசத்தி. மானிட்டர் ஏதோ ஆபீசில் கழித்துக் கட்டிய பழசு. இரண்டுக்கும் பொருத்தம் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயரை மாட்டினேன், படம் வந்தது. நானே ஒரு விஞ்ஞானி என்று முடிவு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்கு ஆபீசில் எல்லோரையும் அழைத்தேன்.

"கண்டிப்பா வந்துபோடறோமுங்க" என்றார்கள் அத்தனை பேரும்.

லட்டு, மிக்சர் வாங்கினேன். கீழ்வீட்டில் நாற்காலிகள் இரவல் வாங்கி வரிசையாகப் போட்டேன். மதியம் போய்ச் சாயங்காலமும் ஆகத் தொடங்கியது. ஒருவரும் வரவில்லை. நான் கேட்டுக்கும் மாடிக்கும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து, வீட்டுக்காரர் மனைவி சரசக்கா வெளியே வந்தார்.

"ஏனுங்க தம்பி, யாராச்சும் வரோணுங்களா?"

"யாருமில்லீங்கக்கா. நீங்களும் அண்ணனும்தான் வரோணும்" என்றேன்.

அக்காவும் அவர் கணவர் முருகேசண்ணனும் உடனே மேலே வந்தார்கள். அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அத்தனை நாற்காலிகளில் இரண்டில் மட்டும் உட்கார்ந்தார்கள். நான் படம் வரையும் புரோகிராமைத் திறந்து ஒரு தென்னைமரம் போட்டுக் காட்டினேன்.

"அருமைங்க. எழுத்துத்தான் கொஞ்சம் பெருசாத் தெரியுதுங்களோ?" என்றார் அண்ணன், சும்மா ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

அதை அப்படியே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "இதோ பாருங்க" என்று திரை அமைப்புக்குள் போய், படத்தின் நுணுக்கத்தையும் வேகத்தையும் புது கார்டு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கும் ஏற்றிவைத்தேன். கார்டு தாங்கியது. மானிட்டர் 'கீ' என்று ஒரு விசில் அடித்தது, கோடு கோடாகக் கிழிந்தது, கறுத்துப்போனது.

அந்தக் கறுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் என்னிடம், 'இப்படியே வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்ச நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் அதுவே பழையபடி மாறியிருக்கும். நானோ கீபோர்டில் இருந்த எல்லாவற்றையும் அமுக்கினேன். அதில் ஏதோ ஒன்று 'ஆமாம்' ஆகிவிட்டது.

"வருமுங்க தம்பி. அவசரமில்லீங்க" என்றார் அக்கா.

இருவரும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் மேசைக்கடியில் புகுந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன்.

"கறுப்பு நல்ல அழுத்தமா இருக்குதுங்க" என்று அண்ணன் பாராட்டினார்.

அப்போதுதான் அக்கா கத்தினார். "ஏனுங்க, இதுல நாம தெரியறமுங்க!"

ஆமாம். மானிட்டர் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். அண்ணன் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். அக்கா பூவைச் சரிசெய்தார். "தம்பி, நீங்களும் வாங்க. காலு மட்டுந்தான் தெரியுது" என்றார்.

எழுந்து போய் நடுவில் உட்கார்ந்தேன். மூன்று முகங்கள். எங்களுக்குப் பின்னால், காலி நாற்காலிகள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

மறுநாள் வயிற்றுவலி என்று லீவு போட்டேன். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் எழுத்து வந்தது, விண்டோஸ் வந்ததும் இருட்டியது. அப்படியானால் மானிட்டர் சாகவில்லை, கார்டு அனுப்பும் வேகத்துக்கு அதால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது மெல்ல உறைத்தது. பலமுறை அணைத்துப் போட்டதில் கம்ப்யூட்டரே அலுத்துப்போய், 'சேஃப் மோடில், சிக்கனமாக வரட்டுமா?' என்று கேட்டது. வா தாயே என்றேன். உள்ளே போய் எல்லாவற்றையும் குறைத்துவைத்தேன். படம் பளிச்சென்று வந்தது.

அறையில் காட்ட ஆளில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீசிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அழைத்ததே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் சரசக்காவிடம் சொன்னேன். இருவரும் மறுபடியும் ஏறி வந்து பார்த்தார்கள். கலர் கலராகத் திரை ஒளிர்ந்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது.

"இப்ப நாம தெரியறதில்லீங்களே, தம்பி?"

அண்ணன் எழுந்தார். "அது கெடக்கட்டுமுங்க. கீழ வாங்க, தோசை ஊத்தறா" என்றார். அன்று தொடங்கி, கல்யாணமாகி வீடு மாறும்வரை என் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான்.

அக்கா இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்ல, அவள் என் மகளிடம் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பகலில் கரண்ட் போய் டிவி அணைந்தால் யாரும் அலுத்துக்கொள்வதில்லை. "அப்பாவோட படம் ஆரம்பிச்சிருச்சு, வாங்க" என்று மகள் கூப்பிடுகிறாள். எல்லோரும் கறுத்த திரைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்காருகிறோம்.