அடாப்டர் இல்லாமல் ஓடிய வண்டி

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் அக்கா, மகள் மூவரும் நலம். மேஜைக்கு அடியில் நான் டேப் போட்டு ஒட்டியிருக்கும் யூ.எஸ்.பி. ஹப்பும் பூரண நலம். உங்கள் நலத்தை அறிய ஆவல், ஆனால் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகு எழுதினால் போதும். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் பாய்ந்து, "அத்தான், அது அப்படி இல்ல" என்று ஆரம்பிப்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. மரியாதை இத்தோடு போதும், கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன்.

பாதிக் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் வெற்றியை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தரும் வேலைக்கு என் மகள், அதாவது உன் மருமகள், ஒரு மாதிரி வகுப்பு எடுத்தாள் அல்லவா? முகத்துக்கு ஒரு கேமரா, வரையும் கைக்கு ஒரு கேமரா, மைக், விளக்கு, தெருவில் வெல்டிங் கடை போடும் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்தியதால் ஒரு குட்டி மின்விசிறி, எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பை நம்பி. யானைக்குக் காது வரைந்தாயிற்று. விளக்கைப் போட்டாள். கையைக் காட்டும் கேமரா பொசுக்கென்று போய்விட்டது. தும்பிக்கை இல்லாமல் நிற்கும் யானையைப் பார்த்து ஒரு வாண்டு, "மிஸ், இது பன்னிக்குட்டியா?" என்று கேட்டது. அன்று அவள் சாப்பிடவே இல்லை. கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருகிறோம் என்றார்கள்.

அப்போதுதான் நீ வந்தாய். ஒரு வாயில் வாங்கிப் பல வாய்க்குக் கொடுக்கும் இந்த ஹப்பைக் கொடுத்தாய். கூடவே வால் நீளமான ஓர் அடாப்டரையும் கொடுத்து, "அத்தான், லேப்டாப் ஒண்ணே இத்தனையையும் தாங்காது. இத சுவத்துல சொருகி ஹப்புக்குத் தனியா கரண்ட் குடுங்க" என்று உபதேசம் செய்தாய். அன்றே மனதில் கறுவிக்கொண்டேன். உட்கார இடமில்லாத பேருந்தில் ஓர் ஊரையே ஏற்றி இறக்கிய கண்டக்டர் நான். நாலு வயரை ஏற்ற எனக்குத் தெரியாதா? அடாப்டரை இழுப்பறையில் போட்டேன். உன் அக்கா, "தம்பி சொன்னத ஒரு தடவ கேட்டாத்தான் என்னவாம்?" என்றாள். "உன் தம்பி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றான், சரி. கூட்டத்த சமாளிச்சிருக்கானா?" என்று கேட்டேன்.

இரண்டாவது வகுப்பு நாளன்று காலையில் ஒத்திகை பார்த்தோம். விளக்கு எரிந்தால் கேமரா இல்லை, கேமரா வந்தால் மைக் இல்லை. 'மின்சாரம் போதவில்லை' என்று லேப்டாப் திரையில் அழுதது. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம். வயர்களைப் பிடுங்கி எல்லோரையும் இறக்கிவிட்டேன். கேமராக்கள் பெரிய மனிதர்கள், முதலில் ஏறட்டும். அடுத்து மைக், பிறகு விளக்கு. மின்விசிறி படிக்கட்டுப் பயணி, கடைசியில் வரட்டும். இப்படி வரிசை மாற்றிச் செருகிவிட்டு, வெல்டிங்காரரிடம் போய், "தம்பி, ஒரு மணி நேரம் கொஞ்சம் நிறுத்துப்பா, பொண்ணோட வேலை விஷயம்" என்று கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் எல்லாமே ஓடுகிறது! விளக்கு, விசிறி, கேமரா, மைக், ஒன்றும் முணுமுணுக்கவில்லை. உன் அக்கா திரைச்சீலை ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. பிரமிப்பில் பேச்சு வரவில்லை போலும்.

இந்த முறை யானைக்குத் தும்பிக்கை வந்தது, தந்தம் வந்தது, குழந்தைகள் கேட்டதால் செருப்பும் வந்தது. சாயங்காலமே வேலை கிடைத்துவிட்டது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, உங்களாலதாம்ப்பா!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை எழுத வெட்கமில்லை. ஆகவே மச்சான், லேப்டாப் தாங்கும். ஏற்றுகிறவன் ஏற்றினால் தாங்கும். உன் ஆபீசில் உள்ளவர்களுக்கும் இந்த வரிசையைச் சொல்லிக்கொடு. என் பெயரைச் சொல்ல வேண்டுமென்பதில்லை, சொன்னால் தடுக்கமாட்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் உன் மூளையோடும் என் அனுபவத்தோடும் வளர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
வென்ற அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நீங்க வெல்டிங் கடைக்குப் போனப்பவே அடாப்டர எடுத்து, திரைச்சீலைக்குப் பின்னாடி இருக்கற பிளக்குல நான் சொருகிட்டேன்" என்கிறாள். நான் நம்பவில்லை. போய்ப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே மகளுக்கு வேலையில் முதல் வகுப்பு நடந்துகொண்டிருந்ததை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். "அப்பா!" என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஸ்பீக்கரில் ஒரு சின்னக் குரல், "மிஸ், ஒட்டகத்துக்கு முதுகு எங்க?" உடனே செருகிவிட்டேன், முதுகு வந்துவிட்டது, வேலையும் பத்திரம். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால் உன் அக்கா விடவில்லை. அவளே தபாலில் போடப்போகிறாளாம். நீ பதில் எழுத வேண்டாம். ஃபோனும் செய்ய வேண்டாம்.