அமோனியா அண்ணாச்சியின் பிள்ளைகள்

திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்தில் மூக்கு இல்லாத ஆள் கிடையாது. ஆனால் மூக்கை வைத்தே உத்தியோகம் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஃப்ளாட்டின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொண்ட அமோனியா அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். சொந்தப் பெயர் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது.

நீங்கள் குளியலறையில் பினாயில் ஊற்றிவிட்டு வெளியே வருவதற்குள் வாசலில் வந்து நிற்பார்.

"எத்தன மூடி ஊத்துனிய சாரே?"

"ரெண்டு."

"நாலு."

நாலுதான். பினாயில் கீழே போய்த் தன் பிள்ளைகளைக் கொன்றுவிடும் என்பது அவருடைய வழக்கு. பிள்ளைகள் என்றால் தொட்டியில் இருக்கும் பாக்டீரியா. அப்படி என்னதான் செய்கின்றன அவை என்று ஒருமுறை வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ரெண்டு கோஷ்டி உண்டு சாரே. மொதத் தொட்டியில இருக்கது அமோனியாவத் தின்னு நைட்ரேட்டா ஆக்கும். அதுக்குக் காத்து ஊதிக்கிட்டே இருக்கணும். அடுத்த தொட்டியில இருக்கது அந்த நைட்ரேட்டப் பிரிச்சு, வெறும் நைட்ரஜனா மேல விட்டுரும். அதுக்குக் காத்து ஆவாது. சம்பந்தி வீடு மாதிரி, ஒண்ணா வச்சா ஒரு காரியமும் நடக்காது, கேட்டியளா?"

கழிவுநீரைச் சோதிக்க மூன்று வாரத்தில் அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஒரு நாள் தகவல் வந்தது. ஃப்ளாட் சங்கத்துச் செக்ரட்டரி மலையாளி, மகா சுத்தக்காரர். விருந்தாளி வந்தாலே வீட்டைக் கழுவுகிற ஜாதி நாம், அதிகாரி வந்தால் சும்மா இருப்போமா? அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸாப்பில் உத்தரவு பறந்தது. எண்பது வீட்டுக் குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பாய்ந்தன. நானும் ஊற்றினேன், தாராளமாகவே.

திரும்பி வந்த அண்ணாச்சி கேட்டிலேயே மூக்கை உறிஞ்சிவிட்டு ஓடினார்.

"ஆரு சொல்லி இதச் செஞ்சிய? பூராப் புள்ளையளும் போச்சே!"

செக்ரட்டரி அசரவில்லை. "சென்டிமென்ட் வேண்டா அண்ணாச்சி. சாம்பிள் ஃபெயில் ஆனா நிங்களை மாத்திட்டு வேற கம்பெனிக்குக் கொடுக்கும். அத்ரேயுள்ளூ, அவ்வளவுதான்."

கொன்றது எண்பது வீட்டுக்காரர்கள். வேலை போகப்போவது அண்ணாச்சிக்கு. எனக்கு வெட்கமாகிவிட்டது. "நான் ஏதாவது செய்யணுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காரை எடுங்க. உறை வாங்கணும்."

தயிர் கெட்டுப்போனால் அடுத்த வீட்டில் உறைமோர் கேட்பதில்லையா, அந்த மாதிரி பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ஃப்ளாட்டின் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றைக் கேட்டு வாங்கினார். பன்னிரண்டு கேன். திரும்பும்போது முன்னால் போன லாரி பிரேக் போட, நானும் போட, ஒரு கேன் பின்சீட்டில் கவிழ்ந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அண்ணாச்சி நெஞ்சு நிறைய இழுத்தார்.

"உசுரு இருக்கு சாரே! மண்வாசன வருது!"

மறுநாள் ஆபீசில் என் காருக்கு இரண்டு பக்கமும் ஒருவரும் வண்டி நிறுத்தவில்லை. பார்க்கிங்குக்கு அடிதடி நடக்கும் வளாகம் அது.

பிறகு கிலோ கிலோவாக ஆப்பசோடா வாங்கித் தொட்டியில் கொட்டினார். தண்ணீர் புளித்தால் பிள்ளைகள் வேலைக்குப் போகாதாம். "ஹோட்டல் தொடங்கியோ?" என்று கடைக்காரர் விசாரித்தார். தினமும் காலையில் ஒரு சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குப் படியேறி வருவார். சொட்டு மருந்து விட்டதும் எவ்வளவு மஞ்சளாகிறதோ அவ்வளவு அமோனியா. முதல் வாரம் மாம்பழச் சாறு நிறம். இரண்டாம் வாரம் அதில் பாதி. அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது. குழாயை என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த ஐம்பது வயது மனுஷர் தோள்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

சாம்பிள் பாஸ்.

"ஞான் அப்பவே பறஞ்ஞில்லே? நல்லா க்ளீன் பண்ணினா பாஸாகும்!" என்றார் செக்ரட்டரி. அண்ணாச்சி கையில் இருந்த இரும்புக் கம்பியை நான்தான் நைசாக வாங்கி ஓரமாக வைத்தேன்.

வேலை நிலைத்த தைரியத்தில், நான்கு வருஷத்தில் முதல்முறையாக அண்ணாச்சி இரண்டு நாள் லீவு போட்டார். ஊரில் இருக்கும் சொந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டவர், தொட்டிப் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தார். அந்த இரண்டு நாளும் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு, காற்று ஊதுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"அதுக எப்படி இருக்கு சாரே?"

"நல்லா இருக்கு. நீங்க எப்ப வாறீங்க?"

"ஏன், எதும் கோளாறா?"

"சேச்சே, சும்மாதான் கேட்டேன்."

பொய். அந்த மனுஷன் இல்லாமல் எனக்கு ஃப்ளாட்டே பிடிக்கவில்லை.